விலையைக் கேட்குமுன் அளவைக் கேளுங்கள்

கூட்டுறவு இதழ் ஒன்றில் பங்குச் சந்தையைப் பற்றி என்ன எழுத இருக்கிறது என்று அங்கத்தினர் சிலர் கேட்கக்கூடும். நெசவும் பயிர்த்தொழிலும் செய்து வாழும் நம்மவர்க்கும் பம்பாய்ச் சந்தைக்கும் என்ன சம்பந்தம் என்பது ஒரு காலத்தில் நியாயமான கேள்வியாகவே இருந்தது. இன்று அப்படியில்லை. கொட்டாம்பட்டி வட்டாரத்தில் படித்த பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் கைப்பேசி வழியாகப் பங்கு வாங்குவதும் விற்பதும் பழக்கமாகி வருகின்றன. தேங்காய் விற்ற பணமும், நெசவுக் கூலியில் மிச்சம் பிடித்த பணமும், சீட்டு எடுத்த பணமும் அந்த வழியில் செல்லத் தொடங்கியிருக்கின்றன. செல்ல வேண்டும் என்றோ, கூடாது என்றோ தீர்ப்புக் கூறுவது நமது நோக்கமன்று. செல்லுகிறவர்கள் கண்ணைத் திறந்துகொண்டு செல்ல வேண்டும் என்பதே நமது கவலை.

புதிதாகப் பங்கு வாங்குவோர் எல்லோரும் முதலில் கேட்பது விலையை. நேற்று என்ன விலை, இன்று என்ன விலை, நாளைக்கு ஏறுமா என்பனவே அவர்கள் பேச்சு. அந்த விலைக்குப் பக்கத்திலேயே மற்றோர் எண்ணும் அச்சாகியிருக்கிறது. அதைப் பார்ப்பவர் சிலர். பார்த்தும் பொருளறிந்தவர் அவரினும் சிலர். அன்றைய தினம் அந்தக் கம்பெனியின் பங்குகள் எத்தனை கைமாறின என்பதைக் காட்டும் எண் அது. 'வால்யூம்' என்று தரகர்கள் சொல்வதும், வர்த்தக அளவு என்று பத்திரிகைகள் எழுதுவதும் அதுவே. விலையைவிட அதை முதலில் பார்க்க வேண்டும் என்பது நமது அபிப்பிராயம்.

இதை நம் அங்கத்தினர்க்கு விளங்க வைப்பது கடினமன்று. மதுரைப் பூச்சந்தையில் மார்கழி, தை மாதங்களில் மல்லிகை கிலோ ஆயிரக்கணக்கான ரூபாய்க்கு விற்றது என்று பத்திரிகைகளில் கொட்டை எழுத்தில் செய்தி வரும். அதைப் படித்த பட்டணத்தார், பூ விவசாயி பெரும் பணக்காரனாகிவிட்டான் என்று நினைத்துக்கொள்வர். பனியில் மொட்டுக் கருகி, சந்தைக்கு வந்த பூவே சொற்பம் என்பது தோட்டக்காரனுக்குத்தான் தெரியும். கூடையில் பூ இல்லாதபோது விலை எவ்வளவு உயர்ந்தால் என்ன? அந்த விலை உண்மையான விலையே. ஆனால் அது அரைக் கூடைப் பூவுக்கு உண்டான விலை. ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் தேங்காய் ஏலம் விடும்போதும் இதே கணக்குத்தான். 200 காய் என்ன விலைக்குப் போயிற்று என்பதைக் கொண்டு 20,000 காய்க்கு விலை மதிப்பவன் ஏமாறுவான். எந்த விலைக்கும் 'எத்தனைக்கு' என்ற கேள்வி ஒன்று பின்னால் நிற்கிறது.

நெசவாளர்க்கு வேறு விதமாகவும் சொல்லலாம். பார்வைக்கு ஒரே வெள்ளையாக, ஒரே கரையோடு இரண்டு வேட்டிகள் இருக்கின்றன. கஞ்சியின் மொடமொடப்பில் இரண்டும் ஒன்றே. கண்ணாடியை வைத்து அங்குலத்துக்கு எத்தனை இழை என்று எண்ணும்போதுதான் ஒன்று நெருக்கமான நெசவு, மற்றொன்று ஒரு வெளுப்புக்குத் தாங்காத சல்லடை என்பது தெரிய வருகிறது. விலை என்பது கஞ்சி போட்ட தோற்றம். வர்த்தக அளவு இழை நெருக்கத்தைப் போன்றது.

இனி இவ்வெண் எதைச் சொல்லுகிறது, எதைச் சொல்லவில்லை என்பதைப் பார்ப்போம். ஒருவர் 100 பங்கு விற்க, மற்றொருவர் அதே 100 பங்கை வாங்கினால் வர்த்தக அளவு 100 தான், 200 அன்று. ஆகவே 'இன்று வால்யூம் அதிகம், வாங்குவோர் கூடிவிட்டனர்' என்று சொல்வது பாதி பேச்சு. வாங்கப்பட்ட ஒவ்வொரு பங்கும் விற்கப்பட்ட பங்கே. வாங்குவோரின் ஆவல் மிகுந்தால் விலை ஏறுகிறது. விற்போரின் அவசரம் மிகுந்தால் விலை இறங்குகிறது. அளவு இரண்டு சந்தர்ப்பங்களிலும் கூடலாம். மேலும் கைப்பேசித் திரையில் 'வாங்கக் காத்திருக்கும் மொத்தம்', 'விற்கக் காத்திருக்கும் மொத்தம்' என்று இரு எண்கள் தோன்றும். பலர் அவற்றையே வர்த்தக அளவென்று மயங்குகின்றனர். அவை வெறும் கேள்விகள். நொடிப்பொழுதில் திரும்பப் பெறத்தக்கவை. சந்தையில் மாட்டின் கொம்பைத் தடவிப் பார்த்து விலை கேட்டுவிட்டுப் போகிறவர்களையெல்லாம் மாடு வாங்கியவர் கணக்கில் சேர்ப்பாருண்டோ?

வர்த்தக அளவு வற்றினால் என்ன நேரும் என்பதற்கு நம் மாகாணத்துச் சரித்திரத்திலேயே நல்ல சான்று இருக்கிறது. சென்னைப் பங்கு மாற்றுச் சந்தை முதலில் தோன்றியது 1920-ஆம் ஆண்டில். முதல் உலக யுத்தத்தை அடுத்து வந்த செழிப்பில் 100 அங்கத்தினரோடு அது தொடங்கிற்று. செழிப்பு நீங்கியதும் வியாபாரம் குன்றி, 1923-இல் அங்கத்தினர் மூவரே எஞ்ச, அச்சந்தை மறைந்தது. அதைத் திரும்ப எழுப்பியது எது தெரியுமா? 1935-ஐ ஒட்டித் தென்னாட்டில் பெருகிய நூற்பாலைகளும், தோட்டக் கம்பெனிகளுமே. அவற்றின் பங்குகளை வாங்கவும் விற்கவும் ஓர் இடம் தேவைப்படவே, 1937-இல் சென்னையில் சந்தை மறுபடி அமைந்தது. பஞ்சும் நூலும் உண்டாக்கிய சந்தை அது என்று நாம் சற்றே பெருமை கொள்ளலாம்.

ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் அது நன்றாகவே நடந்தது. கடற்கரை இரண்டாவது வரிசைச் சாலையில் இருந்த அக்கட்டிடத்தில் தென்னாட்டு ஆலைகளின் பங்குகள் கைமாறின. 1994-இல் பம்பாயில் தேசியப் பங்குச் சந்தை பங்கு வியாபாரத்தைத் தொடங்கி, விண்கோள் வழியாக ஊர்தோறும் கணினித் திரைகளை வைத்தது. மதுரையில் அமர்ந்திருக்கும் தரகர் ஒருவர் சென்னைச் சந்தையில் ஆள் தேடும் நேரத்தில், பம்பாய்ச் சந்தையில் நூறு பேர் விலை சொல்லக் காத்திருந்தனர். எங்கே கூட்டம் இருக்கிறதோ அங்கேதான் கூட்டம் சேரும். வாரச்சந்தை நடத்தியவர்கள் இதை அறிவர்: பக்கத்து ஊர்ச் சந்தை பெருத்துவிட்டால் நம் ஊர்ச் சந்தைக்கு முதலில் வியாபாரி வருவதில்லை, பிறகு வாங்குவோர் வருவதில்லை, கடைசியில் கொட்டகை மாத்திரம் நிற்கும்.

2012-ஆம் ஆண்டில், பங்குச் சந்தைகளைக் கண்காணிக்கும் செபி ஸ்தாபனம் ஒரு விதி செய்தது. தன் சொந்த மேடையில் ஆண்டுக்கு ரூ. 1,000 கோடி வியாபாரம் நடத்த இயலாத சந்தை தன் அங்கீகாரத்தை ஒப்படைத்துவிட்டு விலகலாம். இரண்டாண்டுக்குள் அந்த அளவை எட்டாவிட்டால் விலக்கப்படும். சென்னைச் சந்தை 2015-இல் விலகிற்று. கோவைச் சந்தையும் இவ்வாறே மறைந்தது. ஒரு சந்தைக்கு உயிர் இருக்கிறதா என்பதை அளக்கச் சர்க்கார் அமைத்த ஸ்தாபனமே எடுத்துக்கொண்ட அளவுகோல் கட்டிடமும் அன்று, அங்கத்தினர் எண்ணிக்கையும் அன்று. வர்த்தக அளவே என்பது கவனிக்கத்தக்கது.

இக்கதையில் நம்மைப் போன்றோர்க்கு உறைக்க வேண்டிய பகுதி ஒன்று இருக்கிறது. இவ்விதம் மூடப்பட்ட பிராந்தியச் சந்தைகளில் மாத்திரமே பதிவாகியிருந்த சிறு கம்பெனிகள் பல. அவற்றின் பங்குகளை வைத்திருந்தோர் என்ன ஆனார்கள்? அக்கம்பெனிகளின் பெயர்கள் பெரிய சந்தைகளின் அறிவிப்புப் பலகை ஒன்றுக்கு மாற்றப்பட்டன. கம்பெனியை நடத்துவோர் பங்குகளைத் திரும்ப வாங்கிக்கொண்டு விடுவிக்க வேண்டும் என்று 2016-இல் செபி வழி வகுத்தது. சட்டம் கைகொடுத்தது என்பது மெய். எனினும், தன் பொருளை விற்கச் சட்டத்தின் தயவை எதிர்பார்க்க வேண்டிய நிலைமைக்கு ஒருவர் வந்தது எதனால்? அவர் வாங்கிய விலை தவறன்று. கம்பெனியும் மோசமாக இருந்திருக்க வேண்டும் என்பதில்லை. பத்திரம் பெட்டியில் இருந்தது. வாங்குவார் மாத்திரம் இல்லை.

இது பழங்கதை, இப்போது எல்லாம் கணினியில் நடக்கிறதே என்று எண்ண வேண்டாம். இன்றைக்கும் பெரிய சந்தைகளில் பதிவான ஆயிரக்கணக்கான கம்பெனிகளில், நாளொன்றுக்குச் சில நூறு பங்குகள்கூடக் கைமாறாதவை ஏராளம். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு பங்கின் விலை ரூ. 80, நாள்தோறும் சுமார் 500 பங்குகள் கைமாறுகின்றன. ஆக ஒரு நாளைய மொத்த வியாபாரமே ரூ. 40,000. நம் அங்கத்தினர் ஒருவர் நண்பர் பேச்சைக் கேட்டு ரூ. 1,60,000 கொடுத்து 2,000 பங்கு சேர்த்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். அது நான்கு நாளைய முழு வியாபாரத்துக்குச் சமானம். மகள் கல்யாணத்துக்காக அவர் அதை விற்க வந்தால், அந்த நான்கு நாட்களிலும் வேறொருவரும் விற்காமல், வாங்குவோர் அனைவரும் இவரிடமே வாங்க வேண்டும். நடக்கக்கூடியதா? விலையைக் கலைக்காமல் நாள் வியாபாரத்தில் பத்தில் ஒரு பங்கே விற்பதானால் 40 வேலை நாட்கள், அதாவது ஏறக்குறைய இரண்டு மாதங்கள் ஆகும். கல்யாண மண்டபக்காரர் அதுவரை காத்திருக்க மாட்டார்.

அவசரப்பட்டு ஒரே நாளில் விற்றால் வேறு நஷ்டம். 1,000 பங்கை 'சந்தை விலைக்கு விற்றுவிடு' என்று உத்தரவு கொடுக்கிறார். காத்திருப்போரில் ஒருவர் ரூ. 78-க்கு 100 பங்கு கேட்கிறார், அடுத்தவர் ரூ. 76-க்கு 200, அதற்கடுத்து ரூ. 73-க்கு 300, பிறகு ரூ. 70-க்கு 400. கணினி தயங்காமல் எல்லோருக்கும் கொடுத்துத் தீர்த்துவிடும். கைக்கு வருவது ரூ. 72,900. திரையில் ரூ. 80 என்று கண்டதை நம்பி ரூ. 80,000 எதிர்பார்த்தவருக்கு ரூ. 7,100 குறைகிறது. இவ்வளவுக்கும் கம்பெனியில் ஒரு கெட்ட செய்தியும் இல்லை. நீர் நிறைந்த கண்மாயில் எருமை இறங்கினாலும் அலை கரைக்கு வருமுன் அடங்கிவிடும். கோடையில் வற்றிய குட்டையில் ஒரு கூழாங்கல் போட்டால் சேறு கலங்கிவிடுகிறது.

வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள இடைவெளியும் அளவு குறைந்த பங்குகளில் அகன்றிருக்கும். விற்போர் ரூ. 83 கேட்க, வாங்குவோர் ரூ. 78 மட்டுமே தர முன்வந்தால், வாங்கிய மறுநிமிஷமே நூற்றுக்கு 6 வீதம் போய்விட்டது என்று பொருள். தரகுக் கூலியை அணா அணாவாகக் கணக்குப் பார்த்துப் பேரம் பேசுகிறவர்கள் இந்த இடைவெளியைக் கவனிப்பதில்லை. தரகே இல்லை என்று சில கம்பெனிகள் விளம்பரம் செய்கின்றனவாம்! தரகு ஒரு ரூபாய் மிச்சம், இடைவெளியில் ஐந்து ரூபாய் நஷ்டம்.

அடுத்து, விலை ஏற்ற இறக்கத்துக்குச் சந்தை விதித்திருக்கும் எல்லைகள். பங்குக்குத் தக்கவாறு நூற்றுக்கு 2, 5, 10, 20 என்ற வீதங்களில் ஒரு நாளைய ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் வரம்பு உண்டு. பெருமளவில் வியாபாரம் நடக்கும் முன்னேர்பேர் கில்லாத—அதாவது எதிர்கால ஒப்பந்தங்கள் அனுமதிக்கப்பட்ட—பங்குகளுக்கு மாத்திரம் இந்த நிலையான வரம்பு இல்லை. வற்றலான பங்கு ஒன்று கீழ் வரம்பைத் தொட்டுவிட்டால் அன்று வாங்க ஆளே இராது. நூறு பேர் விற்கக் காத்திருப்பர். வர்த்தக அளவு பூஜ்யமாக இருக்கும். மறுநாளும் அப்படியே, அதற்கு மறுநாளும் அப்படியே. வெளியேறும் வாசல் அடைபட்ட கொட்டகைக்குள் அகப்பட்டவர் நிலைமை அது.

சரி, அளவு குறைவாக இருந்தால் ஆபத்து. அதிகமாக இருந்தால் நல்லதுதானே என்று கேட்கலாம். அங்கேதான் புதியவர்கள் அதிகம் சறுக்குகின்றனர். அளவைப் போலியாகவும் உண்டாக்கலாம். இன்னாரிடமிருந்து இன்னாருக்கும், அவரிடமிருந்து வேறொருவருக்கும், கடைசியில் முதலாமவருக்கே திரும்பவும் விற்பது ஒரு தந்திரம். நாலு பேர் கூடி ஒரே பணத்தைச் சுற்றிச் சுற்றி விட்டால் ஊர் முழுவதும் பணம் புழங்குவதுபோல் தோன்றும் அல்லவா? 2001-இல் வெளிப்பட்ட கேதன் பாரேக் விவகாரத்தில் இவ்விதச் சுற்று வியாபாரம் பெரிதாகப் பேசப்பட்டது. அவர் ஆதரவில் ஏறியதாகச் சொல்லப்பட்ட பங்குகளுள் சென்னையைச் சேர்ந்த பென்டாமீடியா கிராபிக்ஸ் கம்பெனியின் பங்கும் ஒன்று. 2003-இல் செபி அவரைப் பதினான்கு ஆண்டுகள் சந்தையில் ஈடுபடலாகாது என்று தடுத்தது. உச்ச விலையில் வாங்கியோர்க்கு அத்தடையால் ஒரு காசும் திரும்பவில்லை.

அண்மைக் காலத்துச் சம்பவம் இன்னும் பாடமானது. 2022 ஜூலை மாதத்தில் சாத்னா பிராட்காஸ்ட் என்னும் சிறிய கம்பெனியைப் பெரிய தொழில் குடும்பம் ஒன்று வாங்கப் போகிறது என்பது போன்ற பொய்ச் செய்திகள் யூடியூப் காட்சிகளில் பரப்பப்பட்டன. அதற்குமுன் அதிகம் பேசப்படாத அப்பங்கின் விலையும் வர்த்தக அளவும் ஒருங்கே எழுந்தன. சில ஆயிரம் பேர் வாங்கிக்கொண்டிருந்த பங்கைச் சிறு முதலீட்டாளர் அரை லட்சத்துக்கு மேற்பட்டோர் வந்து வாங்கினர். அதே சமயத்தில் கம்பெனியை நடத்துவோர் சிலரும் அவரைச் சார்ந்தோரும் தம் பங்குகளை உயர்ந்த விலைக்கு விற்று வெளியேறினர் என்று செபி 2023 மார்ச்சில் பிறப்பித்த இடைக்கால உத்தரவில் கண்டது. அளவு பெருகியது என்பது இங்கே போலியன்று. உண்மையாகவே லட்சக்கணக்கில் பங்குகள் கைமாறின. ஆனால் அறிந்தவர் கையிலிருந்து அறியாதவர் கைக்கு மாறின. ஆதலால், நேற்று வரை ஓசையின்றிக் கிடந்த பங்கு ஒன்று இன்று திடீரென்று பத்து மடங்கு அளவில் வியாபாரமாகிறது என்றால், 'யார் வாங்குகிறார்' என்று மகிழுமுன் 'யார் விற்கிறார்' என்று கேட்க வேண்டும்.

இதை ஓரளவு சோதிக்க ஒரு வழி உண்டு. காலையில் வாங்கி மாலைக்குள் விற்றுத் தீர்ப்பவர்களின் வியாபாரமும் மொத்த அளவில் சேர்கிறது. அதை நீக்கி, உண்மையாகவே ஒருவர் கணக்கிலிருந்து மற்றவர் கணக்குக்குச் சென்ற பங்குகள் எத்தனை என்பதை, 'டெலிவரி' அளவு என்ற பெயரில் சந்தைகள் ஒவ்வொரு பங்குக்கும் நாள்தோறும் வெளியிடுகின்றன. மொத்தம் 1,00,000 பங்கு கைமாறி, டெலிவரி 15,000 மட்டுமே என்றால், பெரும்பகுதி அன்றாடச் சூதாட்டம் என்று கொள்ளலாம். 60,000 என்றால் பங்கை வைத்துக்கொள்ள எண்ணுவோர் வாங்கியிருக்கின்றனர். கூடத்தில் விலை கேட்டுக் கைமாற்றிக்கொண்டிருப்பது வேறு, மூட்டை வண்டியில் ஏறுவது வேறு. இந்த எண்ணைப் பார்க்கக் கட்டணம் இல்லை. சந்தைகளின் இணையத் தளங்களிலேயே கிடைக்கிறது. ஆனால் நாம் விசாரித்த இளைஞர்களில் பெரும்பாலோர் அப்படி ஒன்று உண்டென்றே அறியாதவராக இருந்தனர்.

எண்ணிக்கையை மாத்திரம் பார்ப்பதும் போதாது. பண மதிப்பையும் பார்க்க வேண்டும். ரூ. 2 விலையுள்ள பங்கு 1,00,000 கைமாறினால் மொத்தம் ரூ. 2 லட்சந்தான். சென்னையில் 1946-இல் பலூன் செய்யும் சிறு தொழிலாகப் பிறந்த எம்.ஆர்.எஃப். கம்பெனியின் ஒரு பங்கு 2023 ஜூனில் ஒரு லட்ச ரூபாயைத் தாண்டிற்று. அந்த விலையில் 5,000 பங்கு கைமாறினால் ரூ. 50 கோடி. லட்சம் பெரிதா, ஐயாயிரம் பெரிதா என்று எண்ணை மட்டும் ஒப்பிட்டால் தலைகீழான முடிவு கிடைக்கும். ஆகையால் ஒரு பங்கின் அளவை வேறொரு பங்கின் அளவோடு ஒப்பிடாமல், அதே பங்கின் கடந்த இருபது அல்லது ஐம்பது நாளைய சராசரியோடு ஒப்பிடுவதே முறை. கம்பெனி தன் பங்கைப் பத்தாகப் பிரித்தால் எண்ணிக்கை தானே பெருகும். காலாண்டுக் கணக்கு வெளியாகும் நாளில் அளவு கூடும். தீபாவளியை ஒட்டி ஒரு மணி நேரம் நடக்கும் முகூர்த்த வியாபாரத்தில் குறைந்திருக்கும். இவற்றை விலக்கிப் பார்க்க வேண்டும்.

விலை ஏறும்போது அளவும் கூடினால் ஏற்றம் உறுதியானது, அளவு குறைந்து விலை மட்டும் ஏறினால் நம்பத்தக்கதன்று என்று சந்தை அறிந்தோர் ஒரு பொது வாக்குச் சொல்வர். அதில் உண்மை உண்டு. ஆனால் அதை மழைக்குறியைப் போலத்தான் கொள்ள வேண்டும். தும்பி தாழப் பறந்தால் மழை வரும் என்பதை நம்பி யாரும் விதை நெல்லைக் கொட்டிவிடுவதில்லை. 2009 ஜனவரி 7-ஆம் தேதி சத்யம் கம்பெனியின் கணக்கு மோசடி வெளிப்பட்டபோது, ஒரே நாளில் அதன் பங்கு ஏறக்குறைய ரூ. 179-இலிருந்து ரூ. 40-க்கு வீழ்ந்தது. அன்று அப்பங்கில் வியாபாரம் கரைபுரண்டது. 'இவ்வளவு அளவில் வாங்குகிறார்களே, காரணம் இருக்கும்' என்று எண்ணி உள்ளே புகுந்தோரும் இருந்தனர். அளவு கம்பெனியின் நாணயத்தைச் சொல்லாது. அது சொல்வதெல்லாம், நாம் விற்க வேண்டிய நாளில் எதிரே ஆள் இருப்பார்களா என்பதையும், இன்றைய விலையைப் பலர் ஒப்புக்கொண்டிருக்கின்றனரா என்பதையுமே. லாபம் உண்டா, கடன் எவ்வளவு, நடத்துவோர் யார் என்பவற்றைக் கம்பெனியின் ஆண்டறிக்கையில்தான் தேட வேண்டும். நம் சங்கத்தின் வரவு செலவு அறிக்கையையே மகாசபையில் படிக்காமல் கையெழுத்திட்டுப் பகோடா தின்றுவிட்டு வருகிறவர்கள் அதைப் படிப்பார்களா என்பது வேறு கேள்வி.

பேரளவு வியாபாரத்தின் கவர்ச்சி மற்றொரு பக்கமும் இழுக்கிறது. இந்நாட்டுச் சந்தைகளில் இன்று மிகப் பெரிய எண்ணிக்கையில் கைமாறுவன பங்குகளே அல்ல. பங்குகளின்மேல் எழுதப்படும் எதிர்கால ஒப்பந்தங்களும் உரிமை ஒப்பந்தங்களும். எங்கே கூட்டம் அதிகமோ அங்கே போகலாம் என்று இளைஞர் அதில் விழுகின்றனர். 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் இவ்வகை வியாபாரத்தில் ஈடுபட்ட தனி நபர்களில் நூற்றுக்கு 93 பேர் நஷ்டமடைந்தனர் என்றும், அவர்கள் இழந்த தொகை ரூ. 1.8 லட்சம் கோடிக்கு மேல் என்றும் செபியின் ஆய்வு 2024 செப்டம்பரில் வெளியாயிற்று. அன்றன்றே வாங்கி விற்கும் பங்கு வியாபாரத்திலும் பத்தில் ஏழு பேர் நஷ்டம் கண்டனர் என்று அதற்கு இரண்டு மாதம் முன்பு வெளியான ஆய்வு கூறிற்று. கூட்டம் இருக்கும் இடத்தில் பொருள் எளிதில் விலைபோகும் என்பது மெய். கூட்டத்திலுள்ள எல்லோரும் லாபத்தோடு வீடு திரும்புவர் என்பது மெய்யன்று.

நம் சங்கப் பங்கை ஒத்து நோக்கினால் வேற்றுமை நன்கு புலப்படும். சங்கத்தில் நாம் செலுத்திய பங்குத் தொகைக்குச் சந்தை விலை கிடையாது. ஆகையால் வர்த்தக அளவும் கிடையாது. முகமதிப்புக்கு மேல் அது ஏறுவதில்லை. பத்துப் பங்கு வைத்திருப்பவருக்கும் ஒரே வாக்கு, ஒரு பங்கு வைத்திருப்பவருக்கும் ஒரே வாக்கு. நாளைக்கே விற்றுவிட்டுப் போய்விடலாம் என்ற எண்ணத்தோடு யாரும் அதில் சேர்வதில்லை. கம்பெனிப் பங்கு அதற்கு நேர்மாறானது. நினைத்தபோது வெளியேறலாம் என்ற வசதிதான் அதன் முக்கிய உயிர். அந்த வசதியே இல்லாத பங்கை வாங்குகிறவர், சங்கப் பங்கின் பாதுகாப்பும் இன்றி, கம்பெனிப் பங்கின் சௌகரியமும் இன்றி இரண்டுக்கும் நடுவே நிற்கிறார்.

ஆகவே புதிதாக இறங்கும் அங்கத்தினர்க்கு நாம் சொல்லத் துணிவது இவ்வளவே. ஒரு பங்கில் போட எண்ணும் தொகை, அப்பங்கின் ஒரு நாளைய சராசரிப் பண வியாபாரத்தில் நூற்றில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டாம். மேலே சொன்ன ரூ. 40,000 வியாபாரமுள்ள பங்கில் அப்படியானால் ரூ. 400-க்கு மேல் போடலாகாது. அதாவது அதை விட்டுவிடலாம் என்று அர்த்தம். நாளொன்றுக்கு ஒரு கோடி ரூபாய்க்கு வியாபாரமாகும் பங்கானால் ஒரு லட்சம் வரை போடலாம். இது சட்டமன்று, நாம் வகுத்துக்கொண்ட எல்லை. விதைக்கும் உரத்துக்கும் நூலுக்கும் வைத்த பணத்தை எவ்வளவு அளவுள்ள பங்கிலும் போடுவதை நாம் ஒப்பமாட்டோம். முன்பின் அறியாத டெலிகிராம், வாட்ஸப் குழுக்களில் ஒரு பங்கின் பெயர் வந்தால், கடந்த மாதத்து அளவையும் இந்த வாரத்து அளவையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்க்க வேண்டும். சங்கங்களும் இதில் செய்யத்தக்கது உண்டு. பருத்தி விலையும் தேங்காய் விலையும் எழுதிப் போடும் அறிவிப்புப் பலகையின் கீழே, இந்த ஒரு கணக்கை ஒரு முறை எழுதிப் போட்டால் செலவொன்றும் ஆகிவிடாது.

ஏற்கெனவே வற்றலான பங்கில் அகப்பட்டுக்கொண்டவர்களுக்கு ஒரு வார்த்தை. அவசரத்தில் சந்தை விலைக்கு விற்கும் உத்தரவு கொடுக்க வேண்டாம். தாம் ஒப்பும் விலையைக் குறித்து, அதற்குக் குறைந்து விற்காதபடி வரம்பு விலை உத்தரவு கொடுத்துச் சிறிது சிறிதாக விற்றுக்கொள்ளலாம். காலாண்டுக் கணக்கு வெளியாகும் நாட்களிலும், லாபப் பங்கு அறிவிக்கும் நாட்களிலும் வழக்கத்தைவிட வாங்குவோர் வருவர். அந்நாட்களைக் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். பம்பாய்ப் பங்குச் சந்தை, தேசியப் பங்குச் சந்தை இரண்டிலும் பதிவான பங்கானால் எதில் அளவு அதிகம் என்று பார்த்து அங்கே விற்க வேண்டும். வேற்றுமை பல வேளைகளில் மிகப் பெரிதாக இருக்கும். விற்ற பணம் 2023 ஜனவரி முதல் மறு வேலை நாளிலேயே தீர்வாகிறது. பழைய காகிதப் பத்திரங்களாக வைத்திருப்போர் அவற்றை மின்னணுக் கணக்குக்கு மாற்றாமல் சந்தையில் விற்க இயலாது; அதற்குச் சில வாரங்கள் பிடிக்கும். ஆகையால் பணம் தேவைப்படும் மாதத்துக்கு முன்பே அந்த வேலையைத் தொடங்கிவிடுவது நல்லது.